பாவ்டக்கெட் ரெட் சாக்ஸ்: ஒரு மில் ஊரின் பேஸ்பால் கதை

கேள்வி இது: அமெரிக்காவின் மைனர் லீக் பேஸ்பால் அணிகள் பெரிய அணிகளுக்கு ஆள் தயார் செய்து அனுப்பும் பட்டறைகள்தானே, அப்படி ஒரு அணிக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ள வரலாறு இருக்குமா?

நிறையவே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஒரு அணியை வைத்துச் சொல்கிறேன்: ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாவ்டக்கெட் ரெட் சாக்ஸ். உள்ளூர்க்காரர்களுக்குச் சுருக்கமாக பாவ்சாக்ஸ். 1970 முதல் 2020 வரை ஐம்பது ஆண்டு இருந்த அணி. இப்போது அந்தப் பெயரில் அணி கிடையாது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது குழப்பும். பெரிய லீகில் இருக்கும் ஒவ்வொரு அணிக்கும் கீழே படிப்படியாகச் சில அணிகள் இருக்கும். சிங்கிள் ஏ, டபுள் ஏ, எல்லாவற்றுக்கும் மேல் டிரிபிள் ஏ. அதற்கு அடுத்த படி பெரிய லீக்தான். கீழே ஆடும் வீரர்கள் பெரிய அணியின் ஆட்கள். அவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பதும், யாரை எப்போது மேலே கூப்பிடுவது என்று முடிவு செய்வதும் பெரிய அணி. மைனர் லீக் முதலாளியின் பொறுப்பில் இருப்பவை மைதானம், டிக்கெட், தின்பண்டம், விளம்பரம். அதாவது நேற்று நான்கு பந்தை வெளியே அடித்த பையன் இன்று காலை பாஸ்டனுக்குப் போய்விடலாம், முதலாளியால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டே இருக்கும் ஓர் அணியை ஒரு ஊர் நம்முடையது என்று எப்படிச் சொல்ல ஆரம்பிக்கிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை மைனர் லீக் வரலாற்றின் சாரம்.

பாவ்டக்கெட் பெரிய ஊர் அல்ல. 75,000 பேர் வாழும் மில் ஊர். ஆற்று நீரின் விசையில் பருத்தி நூற்று, அமெரிக்காவிலேயே முதலில் வெற்றி கண்ட ஆலை இங்கேதான் 1793-ல் வந்தது. சாமுவேல் ஸ்லேட்டர் என்பவர் இங்கிலாந்தில் கற்ற தொழில்நுட்பத்தை மனப்பாடமாகக் கொண்டுவந்து நிறுவியது. 1940-களின் பிற்பாதியில் இந்த ஊரில் இருந்த பேஸ்பால் அணிக்குப் பெயரே ஸ்லேட்டர்ஸ்தான்.

அவர்கள் ஆடிய மைதானம் மெக்காய் ஸ்டேடியம். தாமஸ் மெக்காய் என்ற மேயர், பெருமந்த காலத்து அரசு வேலைத் திட்டத்தின் பணத்தில் கட்டியது. அவர் தேர்ந்தெடுத்த இடம் குளமும் சதுப்பும். கொட்டிய மண்ணெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஊரார் அதற்கு ‘மெக்காயின் பைத்தியக்காரத்தனம்’ என்று பெயர் வைத்தார்கள். 1942-ல் ஒருவழியாகத் திறந்தார்கள். மேயர் இறந்த பிறகு அவர் பெயரையே மைதானத்துக்கு வைத்தார்கள்.

பாஸ்டன் ரெட் சாக்ஸின் டபுள் ஏ அணி இங்கே வந்தது 1970-ல். பிற்பாடு பெரிய லீகின் மிகச் சிறந்த கேட்சர்களில் (மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) ஒருவராகப் பேர் வாங்கிய கார்ல்டன் ஃபிஸ்க் அந்த முதல் அணியில் இருந்தார். 1973-ல் லூயிவில் நகரிலிருந்த டிரிபிள் ஏ அணியை பாஸ்டன் நிர்வாகம் இங்கே கொண்டுவந்தது. ஒரு மணி நேரக் கார் பயணத்தில் பாஸ்டன் இருப்பது வசதி. பெரிய அணியில் ஒருவருக்குக் காயம் என்றால் சாயங்கால ஆட்டத்துக்கே மாற்று ஆள் போய்ச் சேர்ந்துவிடலாம். வந்த ஆண்டே, தான் ஆடிய டிரிபிள் ஏ போட்டித் தொடரான இன்டர்நேஷனல் லீகின் கோப்பையான கவர்னர்ஸ் கப்பையும் அணி வென்றது.

வென்றும் கூட்டம் வரவில்லை. மைதானம் பராமரிப்பில்லாமல் கிடந்தது. முதலாளிகள் மாறினார்கள். கூட்டம் வருமென்று நம்பி 1976-ல் பெயரை ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ் என்று மாற்றிப் பார்த்தார்கள். அந்த சீசன் முடிந்தபோது கடன் கழுத்தை நெரித்தது, அணி திவாலானது. அடுத்து வாங்கியவர் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸைச் சேர்ந்தவர். அணியை வுஸ்டர் என்ற நகரத்துக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வுஸ்டர் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லீக் நிர்வாகம் தலையிட்டு 1977 ஜனவரியில் அவரிடமிருந்து உரிமையைப் பறித்தது.

அப்போதுதான் பென் மோண்டோர் வருகிறார். கனடாவின் கியூபெக்கில் பிறந்து, பாவ்டக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வூன்சாக்கெட் என்ற இன்னொரு மில் ஊரில் வளர்ந்தவர். நொடித்துப் போன ஜவுளி ஆலைகளை வாங்கி, நிமிர்த்தி ஓடவிட்டுச் சம்பாதித்தவர். பிறகு போதும் என்று ஓய்வு எடுத்துக்கொண்டார். முன்னாள் பெரிய லீக் பிட்சரும் (பந்து வீசுபவர்), அப்போது வங்கி அதிகாரியாக இருந்தவருமான செட் நிக்கல்ஸ்தான் அவரைப் பிடித்து, இந்த அணியைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னவர். மோண்டோருக்கு பேஸ்பால் தொழிலில் அனுபவம் கிடையாது. ஆனால் நொடித்த நிறுவனம் ஒன்றை எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று தெரியும்.

அவர் செய்தது ஒன்றும் மந்திரம் இல்லை. மைதானத்தைக் கழுவினார், பெயின்ட் அடித்தார். குடித்துவிட்டுத் தகராறு செய்யும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, குடும்பம் குடும்பமாக வரும் இடமாக ஆக்கினார். டிக்கெட் விலையை ஏற்றாமல் பார்த்துக்கொண்டார், கார் நிறுத்தக் காசு வாங்கவில்லை. வாசலில் தானே நின்று வருகிறவர்களை வரவேற்றார். மைக் டம்பரோ என்ற இளைஞரை நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தார். டம்பரோ அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அங்கேதான் இருந்தார். முதல் சீசனில் ஏறக்குறைய 70,000 பேர் வந்தார்கள். அந்த அணி லீகில் முதலிடம் பிடித்தும் அவ்வளவுதான். 2005-ல் வந்தவர்கள் 6,88,421 பேர். ஊரின் மக்கள்தொகையைப் போல ஒன்பது மடங்கு. இந்த உயர்வுக்கு நடுவில் 28 ஆண்டுகள் இருக்கின்றன, ஒரே ராத்திரியில் வந்ததில்லை.

கையெழுத்து வாங்கும் பழக்கத்தைச் சொன்னால் அந்த மைதானம் எப்படி இருந்தது என்று புரியும். மெக்காயில் வீரர்கள் உட்காரும் டக்அவுட், பார்வையாளர்களின் முன்வரிசைக்கு நேர் கீழே, சுவருக்குள் குடைந்ததுபோல இருந்தது. முன்வரிசையே தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல். மற்ற ஊர்களில் போல வேலிக்கு மேல் கை நீட்டி நோட்டைக் கொடுக்க முடியாது. அதற்குப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலியான பிளாஸ்டிக் பால் கேனின் பக்கவாட்டை வெட்டி, உள்ளே ஒரு பந்தையும் பேனாவையும் போட்டு, கைப்பிடியில் கயிறு கட்டி, மேலிருந்து டக்அவுட் வாசலுக்கு இறக்குவார்கள். கீழே இருக்கும் வீரருக்கு மேலே யார் என்று தெரியாது. கண்ணெதிரே ஒரு கேன் ஆடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எடுத்துக் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்துக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் கேன் மேலே போய்விடும். கிணற்றில் வாளி இறக்குவதுபோலத்தான். அவர்கள் இதை மீன்பிடித்தல் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக, அப்பா தான் வெட்டியதுபோலவே பிள்ளைக்கும் கேன் வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

சரி, பாவ்சாக்ஸ் என்றதும் உலகம் நினைப்பது வேறு ஒன்றை. 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு. எதிரணி ரோச்செஸ்டர் ரெட் விங்ஸ். மைதான விளக்கில் கோளாறு, ஆட்டம் அரை மணி நேரம் தாமதம். வந்திருந்தவர்கள் 1,740 பேர்.

பேஸ்பாலில் அடித்தவர் மூன்று பேஸையும் சுற்றி, புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அதற்குள் ரன் சமமாக இருந்தால் டிரா என்று கைகுலுக்கிப் போக முடியாது. யாராவது முந்தும்வரை இன்னிங்ஸ் இன்னிங்ஸாக நீளும். ரோச்செஸ்டர் ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் எடுத்தது. பாவ்டக்கெட் ஒன்பதாவதில் சமன் செய்தது. அப்புறம் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து, பதினைந்து, இருபது என்று போனது. காற்று மைதானத்துக்கு உள்நோக்கி வீசியது, வெளியே போக வேண்டிய பந்தெல்லாம் திரும்ப வந்து கையில் விழுந்தது. குளிர் எலும்பைத் துளைத்தது. டக்அவுட்டில் வீரர்கள் உடைந்த மட்டைகளையும் பெஞ்சுப் பலகைகளையும் பீப்பாயில் போட்டுக் கொளுத்திக் கை காய்ந்தார்கள். 21-வது இன்னிங்ஸில் ரோச்செஸ்டர் ஒரு ரன் முந்தியபோது இரண்டு பக்கமும் நிம்மதி, ஒருவழியாக வீட்டுக்குப் போகலாம் என்று. பாவ்டக்கெட்டின் வேட் பாக்ஸ் ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்து மறுபடி சமன் செய்துவிட்டார். தன் அணிக்காரர்களுக்கு அப்போது தன்னைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியதா, அடிக்கத் தோன்றியதா என்று தனக்கே தெரியவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார்.

லீகில் ஒரு விதி இருந்தது. நள்ளிரவு 12:50-க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது. ஆனால் அம்பயர்கள் கையில் இருந்த விதிப் பிரதியில் அது விட்டுப்போயிருந்தது. அச்சில் இல்லாததை அவர்கள் ஏற்க முடியாது. டம்பரோ லீக் தலைவர் ஹெரால்ட் கூப்பருக்கு போன் மேல் போன் போட்டார், எடுக்க ஆள் இல்லை. அதிகாலையில்தான் கிடைத்தார். நடப்பதைக் கேட்டதும், ஓடும் இன்னிங்ஸோடு நிறுத்துங்கள் என்றார். அந்த 32-வது இன்னிங்ஸிலும் ரோச்செஸ்டர் கிட்டத்தட்ட ஒரு ரன் எடுத்துவிட்டது. வெளிக்களத்திலிருந்து வந்த எறி ஒன்று ஓடி வந்தவரை ஹோம் பிளேட்டில் வீழ்த்தியது. மணி 4:07. கணக்கு 2-2. மைதானத்தில் மிச்சம் இருந்த ரசிகர்கள் 19 பேர். அந்த 19 பேருக்கும் மோண்டோர் இலவசப் பாஸ் கொடுத்தார்.

லூயிஸ் அபோன்டே என்ற பிட்சர் பத்தாவது இன்னிங்ஸோடு தன் வேலை முடிந்தும் காத்திருந்து, விடியும் நேரத்தில் வீடு போய்க் கதவைத் தட்டினார். இவ்வளவு நேரம் பேஸ்பால் ஆடினேன் என்றால் எந்த மனைவி நம்புவார்? ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் பார் என்றார். ஆட்டம் முடிவதற்கு முன்பே பேப்பர் அச்சுக்குப் போய்விட்டதால் அதிலும் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வரை அவருக்குச் சாட்சி கிடைக்கவில்லை.

மிச்சத்தை ஜூன் 23-ல் வைத்தார்கள், ரோச்செஸ்டர் அடுத்து அந்த ஊருக்கு வரும் நாளில். அதற்குள் பெரிய லீக் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். ஜூன் 12 முதல் அமெரிக்காவின் பெரிய மைதானங்கள் எல்லாம் பூட்டிக்கிடந்தன. எழுத ஆட்டம் இல்லாத நிருபர்களெல்லாம் பாவ்டக்கெட்டுக்கு வந்து இறங்கினார்கள். 5,746 பேர் கூடினார்கள். எல்லாம் 18 நிமிடத்தில் முடிந்தது. 33-வது இன்னிங்ஸில் பாப் ஓஹேடா பந்து வீசி ரோச்செஸ்டரை நிறுத்தினார். பாவ்டக்கெட் ஆடும்போது மூன்று பேஸிலும் ஆள், ஒருவரும் அவுட் இல்லை. டேவ் கோசா இடப்பக்கமாக ஒரு அடி அடித்தார், மார்ட்டி பாரெட் ஓடி வந்து ஹோமைத் தொட்டார். 3-2. மொத்தம் 33 இன்னிங்ஸ், 8 மணி 25 நிமிடம். தொழில்முறை பேஸ்பாலில் அதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை கிடையாது.

அந்த ஆட்டத்தில் இரு பக்கமும் மூன்றாவது பேஸைக் காத்து நின்றவர்கள் வேட் பாக்ஸும் ரோச்செஸ்டரின் கேல் ரிப்கன் ஜூனியரும். இருவரும் பின்னாளில் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார்கள். ஆட்டத்தை முடித்துவைத்த கோசா பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பாவ்டக்கெட்டில் பல சீசன்கள் ஆடினார், ஹோம் ரன்கள் அடித்தார், அழைப்பு வரவேயில்லை. பட்டறை என்று மட்டும் பார்த்தால் கோசா கணக்கில் வரமாட்டார். பாவ்டக்கெட்டில் கேட்டால் பாக்ஸுக்குச் சமமாக அவரைச் சொல்வார்கள். மேலே போனவர்களின் பட்டியலை வைத்து மட்டும் இந்த அணிகளை எடைபோடுவது தப்பு என்று நான் நினைப்பதற்கு கோசா ஒருவரே போதும்.

பாக்ஸ்கூட ஒன்றும் எளிதாக ஏறிவிடவில்லை. 1976-ல் பெரிய அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஏழாவது சுற்றில் எடுத்தார்கள், ஆறு ஆண்டு கீழேயே கிடந்தார். 1980-ல் லீகின் பேட்டிங் முதலிடத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த வித்தியாசத்தில் கோட்டைவிட்டார். அடுத்த ஆண்டு .335 சராசரியோடு அதைப் பிடித்த பிறகுதான் பாஸ்டன் கூப்பிட்டது. பெரிய லீகில் அதே பட்டத்தை ஐந்து முறை வென்றார்.

1982 கோடையில் மார்க் ஃபிட்ரிச் வந்தார். 1976-ல் டெட்ராய்ட்டில் பந்தோடு பேசிக்கொண்டே வீசி நாட்டையே கவர்ந்து, பிறகு தோள் காயத்தால் எல்லாம் இழந்த பிட்சர். ஜூலை 1 அன்று மெக்காயில் அவர் முழு ஆட்டம் வீசி வென்றபோது மைதானம் நிரம்பி வழிந்தது. அவரால் பெரிய லீகுக்குத் திரும்ப முடியவில்லை. அந்த ஒரு இரவு இன்னும் பேசப்படுகிறது.

அதற்குப் பிறகு ரோஜர் கிளெமன்ஸ், நோமார் கார்சியபாரா, மூக்கி பெட்ஸ் என்று பலர் அந்த வழியாகப் போனார்கள். 1984, 2012, 2014-ல் மறுபடி கவர்னர்ஸ் கப் கிடைத்தது. 1999-ல் மைதானத்தை 10,000 இருக்கைக்குப் பெரிதாக்கினார்கள்.

2010 அக்டோபரில் மோண்டோர் 85 வயதில் காலமானார். அவர் குடும்பம் சில ஆண்டு நடத்தியது. 2015-ல் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டன் என்ற வழக்கறிஞரும் பாஸ்டன் ரெட் சாக்ஸின் தலைவராக இருந்த லாரி லூக்கினோவும் சேர்ந்த குழு அணியை வாங்கியது. வாங்கிய கையோடு, பாவ்டக்கெட்டை விட்டு மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸின் ஆற்றங்கரைக்குப் போகிறோம், ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் வீதம் 30 ஆண்டு அரசு தர வேண்டும் என்றார்கள்.

மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு சூடு இருந்தது. பாஸ்டனின் நட்சத்திர பிட்சர் கர்ட் ஷில்லிங் ஆடிக்கொண்டிருந்தபோதே தொடங்கிய வீடியோ கேம் நிறுவனத்துக்கு ரோட் ஐலண்ட் அரசு 2010-ல் 7.5 கோடி டாலர் கடனுக்குப் பொறுப்பேற்றிருந்தது. இரண்டே ஆண்டில் நிறுவனம் திவால். அந்தப் பணத்தை வரி கட்டுகிறவர்கள் அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இன்னொரு பேஸ்பால்காரர் வந்து கை நீட்டினார். 2015 மே மாதம் ஸ்கெஃபிங்டன் திடீரென இறந்தார், பிராவிடன்ஸ் திட்டமும் போய்விட்டது. பிறகு பாவ்டக்கெட்டிலேயே, ஸ்லேட்டர் ஆலை இருக்கும் ஆற்றுப் பக்கம், 8.3 கோடி டாலரில் புது மைதானம் என்று ஒரு திட்டம் வந்தது. மாநில செனட் நிறைவேற்றியது. கீழவை மாதக்கணக்கில் இழுத்து, கடன் பத்திரங்களுக்கான அரசு உத்தரவாதத்தை எடுத்துவிட்டு வேறு வடிவில் நிறைவேற்றியது. உத்தரவாதம் இல்லையென்றால் வட்டி ஏறும். 2018 ஆகஸ்டில் அணி அறிவித்தது: வுஸ்டருக்குப் போகிறோம். 1977-ல் லீக் தலையிட்டுப் போகவிடாமல் தடுத்த அதே வுஸ்டர்.

யார் மேல் தவறு என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். சூடு பட்ட மாநிலம் பயந்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை. வுஸ்டரில் 10 கோடி டாலர் என்று சொன்ன மைதானம் முடியும்போது 15 கோடியைத் தாண்டியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் வாங்கியதுமே பாவ்டக்கெட்டை விட்டுப் போகப் பார்த்தார்களே, அங்கேதான் உடைந்தது என்பது என் எண்ணம். பென் மோண்டோர் வாசலில் நின்று முப்பது ஆண்டு சேர்த்த நம்பிக்கை அந்த ஒரு அறிவிப்பில் கரைந்தது. அதற்குப் பிறகு வந்த எந்தத் திட்டத்தையும் ஊர் முழு மனதோடு கேட்கவில்லை.

2020 விடைபெறும் சீசனாக இருந்திருக்க வேண்டும். கொரோனா வந்து மைனர் லீக் சீசன் முழுவதும் ரத்தானது. கடைசி ஆட்டம் என்று தெரிந்து பார்க்கும் வாய்ப்புகூட ரசிகர்களுக்கு இல்லை. அந்தக் கோடையில் நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. மைதானத்துப் புல்லிலேயே இடைவெளி விட்டு மேசை போட்டு, குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டது. ஐம்பது ஆண்டு மேலே உட்கார்ந்து பார்த்த இடத்தில், கோசாவின் பந்து விழுந்த அதே தரையில், ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வழியனுப்பு விழா என்றால் அதுதான்.

அதே குளிர்காலத்தில் பெரிய லீக் தன் கீழிருந்த 160 அணிகளை 120 ஆகக் குறைத்தது. பாஸ்டனின் இன்னொரு கிளையான லோவல் ஸ்பின்னர்ஸ், அதுவும் நூற்பாலை ஊர் அணிதான், அதில் அடிபட்டுப்போனது. பாவ்சாக்ஸ் வூசாக்ஸ் என்ற பெயரில் 2021 மே மாதம் வுஸ்டரின் போலார் பார்க்கில் ஆட ஆரம்பித்தது. அங்கே கூட்டத்துக்குக் குறையில்லை.

காலியான மெக்காயை என்ன செய்வது என்று சில ஆண்டு யோசித்துவிட்டு, ஊரின் உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றாக்கி அங்கே புதுப் பள்ளி கட்டலாம் என்று பாவ்டக்கெட் வாக்காளர்கள் 2022-ல் ஒப்புதல் கொடுத்தார்கள். 2025-ல் இடிக்கத் தொடங்கினார்கள். மேயர் மெக்காய் மண் கொட்டிக் கொட்டி மேடாக்கிய அந்தக் குளத்து நிலத்தில் இப்போது வரப்போவது வகுப்பறைகள்.